வேர்ப் பாதையில் ஃபோர்க் எழாமல் இறுகுவது பற்றி

உங்கள் மலை சைக்கிளின் 200 மிமீ ஃபோர்க் (200 மிமீ வரை அமுங்கும் முன்சக்கர அதிர்வுதாங்கி), முதல் அடியை நன்றாக வாங்குகிறது, வேர்கள் வரிசையாக வந்தால் எழாமல் இறுகிவிடுகிறது, காற்றைக் குறைத்தும் பலனில்லை என்கிறீர்கள். காற்றைக் குறைத்ததால் ஃபோர்க் இன்னும் தாழ்ந்திருக்கும்.

ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் மீண்டு எழுவது) மெதுவாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஓர் அடியிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது விழுகிறது. சவாரி உடையோடு ஏறி நின்று, சாக் (உங்கள் எடைக்கு ஃபோர்க் அமுங்கும் அளவு) சுமார் 40 மிமீ வரும்வரை காற்றடியுங்கள். அப்புறம் ரீபவுண்டை அதன் திருகில் இரண்டு கிளிக் வேகமாக்கி அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். கைப்பிடி மேலே உதைத்தால் ஒரு கிளிக் திரும்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் தொடாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாது.

அப்படியும் சரியாகவில்லையா? சக்கரத்தை மாட்டும்போது ஃபோர்க்கின் இரு கால்கள் கோணியிருக்கலாம். ஆக்ஸிலை (சக்கர அச்சை) முறுக்கியபின், அதைக் கவ்வும் பிஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தியே வைத்து, பிரேக் பிடிக்காமல் ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்குங்கள். கால் தானாகத் தன் இடத்துக்கு வரும். பிறகு மறக்காமல் அந்த போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) முறுக்குங்கள். என் ஃபோர்க்கின் பாதி முரண்டு இதில்தான் தீர்ந்தது.

மீதி, காலின் வாயில் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலுக்கு அடியில் இருந்தது. அங்கே எண்ணெயில் ஊறியிருக்க வேண்டிய ஃபோம் வளையத்தைப் பிழிந்தேன். விரலில் எண்ணெய்ப் பசையே இல்லை. கடைசியாகக் கீழ்க்கால் (ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி) எண்ணெய் மாற்றி 50 மணி நேரம் ஓட்டியிருந்தால் நீங்களும் திறந்துவிடுங்கள். எண்ணெய் அளவு இரண்டு காலுக்கும் வேறுபடலாம், உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்தே ஊற்றுங்கள்.