ராமநாதபுரம் பக்கம் காட்டுக் குதிரைகள் திரியும் கடல்முனை எது? எப்படிப் போய்ப் பார்ப்பது?

தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனையை மனதில் வைத்துக் கேட்டிருந்தால், குதிரைக்காக அங்கே போகாதீர்கள். இருபுறமும் கடல், நடுவில் மணல். கூட்டமாக மேய அங்கே புல்வெளி இல்லை. நீங்கள் போக வேண்டியது பாக் நீரிணையின் மறுகோடியில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் கோடியக்கரை. வெளிமானுக்காக 1967இல் சரணாலயமான காடு அது. அங்கே மேய்பவை மட்டக்குதிரைகள். ஒரு காலத்தில் மனிதர் வளர்த்த இனம்தான். இப்போது கட்டவும் ஆளில்லை, தீனி வைக்கவும் ஆளில்லை.

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, மீமிசல், மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை தாண்டி வேதாரண்யம். காரில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. பலர் செய்யும் தவறு, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவது. உச்சி வெயிலில் போய்ச் சேர்வீர்கள். விலங்குகள் புதருக்குள் நிழல் தேடி ஒதுங்கியிருக்கும். முதல் நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கி, பெட்ரோலும் குடிநீரும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மிச்சம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விடிந்ததும் வனத்துறை வாசலில் அனுமதி வாங்கி உள்ளே போய்விடலாம்.

உள்ளே போனதும் தரையைப் பாருங்கள். மான் குளம்பு இரண்டாகப் பிளந்து பதியும். குதிரையுடையது பிளவில்லாத ஒற்றை வட்டம். வட்டத்தின் விளிம்பு சரியாமல் கூர்மையாக இருந்தால் தடம் புதியது, கூட்டம் தூரத்தில் இல்லை. கோடையில் தேடி அலைவதைவிட வற்றாத குட்டை ஒன்றின் அருகே, காற்று குட்டைப் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசும் இடத்தில், சத்தமில்லாமல் காத்திருப்பது மேல். மழை முடிந்த தை, மாசியில் புல் பசுமையாக இருக்கும், பூநாரைகளும் கிடைக்கும். எனக்குப் பிடித்த பருவம் அதுதான்.

முப்பது நாற்பது மீட்டர் தள்ளியே நில்லுங்கள். காதைப் பின்னால் மடக்கினாலோ, பின்காலைத் தூக்கி வைத்தாலோ உதைக்கத் தயாராகிறது என்று பொருள். குட்டியோடு இருக்கும் பெட்டைக்கும் குட்டிக்கும் நடுவில் போகவே கூடாது. ரொட்டி, பழம் எதுவும் கொடுக்காதீர்கள்; பழகிவிட்டால் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். படத்துக்காக விரட்டினால் பக்கத்தில் மேயும் வெளிமானும் மிரண்டு ஓடும். இருக்கிற கொஞ்சப் புல்லுக்கு இரண்டுக்கும் ஏற்கெனவே போட்டி.

உப்புச் சேற்றுத் தரையில் வண்டியை இறக்க வேண்டாம். மேல்தோல் வெடித்துக் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் களி. சக்கரம் இறங்கினால் டிராக்டர்தான் இழுக்க வேண்டும்.

கையில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறதென்றால் கோடியக்கரையை இன்னொரு முறைக்கு வைத்துக்கொண்டு, அரிச்சல்முனைக்குக் கடல் பார்க்கவே போய் வாருங்கள்.