ரோதான் அருங்காட்சியகத்தில் ஒரு நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் நானும் மனைவியும் பாரிஸ் செல்கிறோம். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் அருங்காட்சியகத்துக்கென ஒரு நாளை முழுதாக ஒதுக்கியிருக்கிறோம். “ஒரு மணி நேரம் போதும், எல்லாம் ஒரே மாதிரி கறுப்புச் சிலைகள்” என்கிறார்கள் நண்பர்கள். ஓவியத்தில் எதைப் பார்ப்பது என்று ஓரளவு பிடிபடுகிறது. சிலை முன்னால் நின்றால் கண் எங்கே போவதென்று தெரிவதில்லை. எப்படிப் பார்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முழு நாளும் தேவைப்படும், குறைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம், பெரும்பாலோர் ‘சிந்தனையாளன்’ சிலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நேரே மாளிகைக்குள் போய்விடுவதுதான். நீங்கள் ‘நரகத்தின் வாசல்’ என்ற வெண்கலக் கதவிலிருந்து தொடங்குங்கள். நுழைந்ததும் முற்றத்தில் சிந்தனையாளனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது.

கட்டப்படவே இல்லாத ஒரு அருங்காட்சியகத்துக்காக 1880இல் அரசு கேட்ட கதவு அது. இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தை வைத்து ரோதான் பல பத்தாண்டுகள் அதில் வேலை செய்தார். அவர் 1917இல் இறந்தபோதும் அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கவில்லை. ஏறத்தாழ 6 மீட்டர் உயரம், சுமார் 200 உருவங்கள். அவர் பெயர் சொல்லும் சிலைகளில் பல இதிலிருந்து பிரிந்து வந்தவை. மேலே நடுவில் குனிந்து உட்கார்ந்திருப்பவன்தான் சிந்தனையாளன். அவன் தலைக்கு மேலே நிற்கும் ‘மூன்று நிழல்கள்’ என்ற இறந்தோரின் ஆவி உருவங்களையும் உற்றுப் பாருங்கள்: மூன்றும் ஒரே உருவம், மூன்று கோணங்களில் திருப்பி வைக்கப்பட்டது. ‘முத்தம்’ ஜோடியும் முதலில் இந்தக் கதவுக்காகச் செய்யப்பட்டதே. அந்த மகிழ்ச்சி நரகத்துக்குப் பொருந்தவில்லை என்று ரோதான் எடுத்துவிட்டார்.

இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் மற்ற சிலைகள் தெரிந்த முகங்களாகிவிடும். தோட்டத்துக் குளத்தின் நடுவில் பிள்ளைகளோடு தவழும் உகோலினோவை, தாந்தேயின் நரகத்தில் வரும், இந்தக் கதவிலும் இருக்கும் அந்தத் தந்தையை, நீங்களே அடையாளம் காண்பீர்கள். செய்த உருவத்தை உடைத்து, அளவு மாற்றி, வேறொன்றோடு சேர்த்துப் புதிது செய்வதுதான் ரோதானின் முறை. கதவில் தனித்தனியாக வரும் குந்திய பெண்ணும் விழும் ஆணும் சேர்ந்து ‘நான் அழகி’ என்ற சிலை ஆனார்கள்.

சிந்தனையாளனிடம் வரும்போது முகத்தை விடுங்கள். வலது முழங்கை இடது தொடையில் ஊன்றியிருக்கிறது. அப்படி உட்கார்ந்து பாருங்கள், முதுகு எவ்வளவு முறுக வேண்டியிருக்கிறது என்பது உடனே தெரியும். பிறகு பின்னால் போய் அந்த முதுகையும், தரையைப் பற்றும் கால்விரல்களையும் பாருங்கள்.

இருவராகப் போவதில் ஒரு வசதி உண்டு. சிலையின் இரு பக்கம் நின்று, தெரிவதை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள், பிறகு இடம் மாறுங்கள். கலே என்ற பிரெஞ்சுத் துறைமுக நகரத்தைப் பற்றிய ‘கலேயின் குடிமக்கள்’ சிலைக்கு இது மிகவும் பொருந்தும். 1347இல் முற்றுகையிட்ட ஆங்கில அரசனிடம் தங்களை ஒப்படைக்கப் போகும் ஆறு பேர், கழுத்தில் கயிறு, கையில் நகரச் சாவி. ஆறு முகங்களும் ஒருசேரத் தெரியும் கோணம் கிடையாது. சுற்றி நடந்தால்தான் ஒவ்வொருவரும் பயத்தை எப்படித் தாங்குகிறார் என்பது தெரியும்.

மாளிகைக்குள் பளிங்கைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ரோதான் களிமண்ணில் செய்வார். கல்லில் செதுக்கியவர்கள் பெரும்பாலும் அவர் பட்டறை உதவியாளர்கள். உளித்தடம் அப்படியே விடப்பட்ட பகுதிகள் வேலை முடியாதவை அல்ல, வேண்டுமென்றே விட்டவை. அங்கேயே இருக்கும் பெண் சிற்பி கமீய் கிளோதெலின் சிலைகளுக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். அவரை ரோதானின் காதலி என்று மட்டும் அறிந்து போகிறவர்கள் நடனமாடும் ஜோடியைக் காட்டும் அவருடைய ‘வால்ஸ்’ சிலையின் முன் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நமக்கு இங்கே இன்னொரு உறவும் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து ரோதான் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் அச்சானது. நேரில் பார்க்காமலே அந்த உடலை உறுப்பு உறுப்பாக வியந்தார். ஒரு வேறுபாடு உண்டு: நம் உற்சவர்கள் கெட்டியாக வார்க்கப்படுபவை, ரோதானின் பெரிய வெண்கலங்கள் உள்ளீடற்றவை.

திங்கட்கிழமை விடுமுறை. பதின்மூன்றாம் மெட்ரோ தடத்தில் வரென் நிலையத்தில் இறங்குங்கள். காலை 10 மணிக்குத் திறக்கும்போதே போய்விட்டால் கதவு உங்களுக்குக் கூட்டமில்லாமல் கிடைக்கும். பாதைகளில் சரளைக்கல், ஆகவே குதிகால் செருப்பு வேண்டாம். தோட்டத்திலேயே உணவகம் இருக்கிறது. சாப்பிட்டதும் கதவுக்குத் திரும்பி வாருங்கள்: வெயில் திசை மாறியிருக்கும், காலையில் இருட்டில் கிடந்த உருவங்கள் வெளியே வந்திருக்கும். பக்கத்திலேயே நெப்போலியன் கல்லறை உள்ள இன்வாலிட் இருப்பதால் அதையும் அன்றைக்கே சேர்த்துவிடத் தோன்றும். அதற்கு வேறொரு நாள் பாருங்கள்.