கிராங்க்கை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். அப்பா வாங்கிய 1968 அம்பாசடர், மார்க் 2, பெட்ரோல். சூடானால் ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது. மேடு ஏறினால் அடியில் 'டக் டக்' சத்தம். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுழலுவதற்கு இடம் தரும் மெல்லிய உலோக உறையான பேரிங் ஷெல்லின் முதுகில் 020 என்று இருப்பதைக் காட்டி, "ஏற்கெனவே கடைந்த கிராங்க், இனி தாங்காது" என்கிறார். கோவை புரோக்கர் ஒருவர், பழையதை எடுத்துக்கொண்டு 'புது ஒரிஜினல்' தருவதாகச் சொல்கிறார். ஆர்.டி.ஓ. என்ட்ரியையும் அவரே பார்த்துக்கொள்வாராம். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். 020 என்பதைப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்லை. அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், முன்பே கடைந்திருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். உங்கள் 1489 சி.சி. எஞ்சினுக்கு 10, 20, 30, 40 என நான்கு அண்டர்சைஸ் (கடைந்து மெலிந்த கிராங்க்குக்கு ஏற்ற தடித்த ஷெல்) உண்டு. இன்னும் இரண்டு சுற்று கையில் இருக்கிறது. கன்ராடு (பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பிடிக்கிற நான்கு இடங்களையும், கிராங்க் எஞ்சின் பிளாக்கில் உட்காரும் மெயின் இடங்கள் மூன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு வேண்டும். "கையிலேயே தெரியுதுங்க" என்று சொல்கிறவரிடம் கிராங்க்கை விடாதீர்கள்.

இப்போது அந்தப் புரோக்கர் விஷயம். அம்பாசடர் உற்பத்தியே 2014இல் நின்றுபோனது. இன்று புத்தம் புது கிராங்க் என்று கிரீஸ் தாளில் சுற்றி வருவது பெரும்பாலும் தேய்ந்த கிராங்க்தான். வெல்டிங் வைத்து நிரப்பி, பழைய அளவுக்குக் கடைந்து, கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். அவசரமாக வெல்டிங் வைத்தது கொஞ்ச நாளில் மூலையில் விரிசல் விடும். உருளையான பகுதி பக்கச் சுவரைத் தொடுகிற மூலையை நகத்தால் தடவிப் பாருங்கள். அங்கே சின்ன வளைவு இருக்க வேண்டும். கத்தியால் வெட்டியதுபோல நறுக்கென்று இருந்தால் அந்த கிராங்க் உடையும், கூடவே பிளாக்கையும் கெடுக்கும். இதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று: இரண்டு சுற்று மிச்சமுள்ள உங்கள் கிராங்க்கை வாங்கிப் போய், 'நல்ல கண்டிஷன்' என்று வேறொருவரிடம் விற்பார்கள். எக்ஸ்சேஞ்சில் அவர்களுக்கு லாபமே உங்கள் பழைய கிராங்க்தான்.

ஆர்.டி.ஓ. என்ட்ரி என்பது சுத்தப் பொய். ஆர்.சி.யில் இருப்பது எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும். கிராங்க்குக்கு அதில் இடமே கிடையாது. ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 2021இல் வின்டேஜ் பதிவு கொண்டுவந்தார்கள். எண்ணில் 'வி.ஏ.' வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், எஞ்சினில் மாறுதல் கூடாது என்பது அதில் நிபந்தனை. அண்டர்சைஸுக்குக் கடைவது பராமரிப்பு, மாறுதல் அல்ல. ஆனால் "கிராங்க் எதற்கு, டீசல் எஞ்சினையே இறக்கிடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால், அந்தப் பதிவை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, வி.ஏ. வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு விட, அவ்வளவுதான். நீங்கள் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் ஓட்டுகிறவர் என்றால் சாதாரணப் பதிவிலேயே 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்குக் கட்டணத்தை ஏற்றுவதில் அரசு காட்டுகிற வேகத்தில் பாதியைப் போலி ஸ்பேரைப் பிடிப்பதில் காட்டியிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் விரிசல் சோதனை. காந்தச் சோதனை வசதி உள்ள பட்டறையானால் நல்லது. இல்லையென்றால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசச் சொல்லுங்கள். பெரிய விரிசல் இருந்தால் கோடாக ஈரம் கசியும்.

அடுத்தது 30 சைஸ் ஷெல் செட். அதை உங்கள் கையில் வாங்கிய பிறகுதான் கிராங்க் கிரைண்டிங் மெஷினில் ஏற வேண்டும். கடைந்து முடித்த பிறகு ஷெல் தேடுகிறவர்கள் கிடைத்ததைப் போட்டு, லூசாக இருந்தால் பின்னால் சிகரெட் தாளை மடித்து வைக்கிறார்கள், இல்லாவிட்டால் பேரிங்கின் மூடியை அரத்தால் தேய்க்கிறார்கள். இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் பிரித்துக் கிடக்கும்போதே ஆயில் பம்பையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். லைட் மினுக்குவதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

கடைந்து வந்ததும் ஆயில் துளைகளைக் கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்வதை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். கல் தூள் உள்ளே தங்கினால் புது ஷெல் சீக்கிரமே போய்விடும். மாட்டி முடித்ததும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். அப்புறம் பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். முதல் 800 கிலோமீட்டர் 60க்கு மேல் போகாமல் ஓட்டி, ஆயிலை மாற்றுங்கள்.