பிளாச்சிமடையில் தொடங்குங்கள் டீச்சர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் "நாங்க சொன்னா யாரு கேப்பாங்க" என்கிறார்கள், போராட்டம் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே பிளாச்சிமடை இருக்கிறதே டீச்சர்! கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதால் 2002 ஏப்ரலில் கோகோ கோலா ஆலைக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியது, முன்னால் நின்ற மயிலம்மா எரவாளர் பழங்குடிப் பெண், 2004-ல் ஆலை நின்றது.

அதைச் சொல்லிவிட்டு உடனே நோட்டைக் கையில் கொடுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, வீட்டுக்கு எத்தனை குடம், கலங்கலா தெளிவா என்று இரண்டு வாரம் எழுதட்டும். அப்புறம் பஞ்சாயத்துக்கு மனு. தமிழிலேயே எழுதலாம், கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் பஞ்சாயத்து முத்திரை வாங்கச் சொல்லுங்கள். மனுவை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், எழுத்துப்பிழை இருந்தாலும் சரி, பிள்ளைகள் எழுதியதே போகட்டும்.