சைக்கிளில் ஒரே ஒரு பாட்டில் ஹோல்டருக்குத்தான் இடம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறக் கூடுதல் தண்ணீரை எங்கே வைப்பது?

உங்கள் கேள்வியில் சொன்னபடி, முன்பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க், அதாவது குலுக்கலைத் தாங்க அமுங்கி எழும் முன் கவை வைத்த அலுமினிய கியர் சைக்கிள். டவுன் டியூபில், அதாவது ஹேண்டில்பார் பக்கமிருந்து பெடல் அச்சுக்குச் சாய்ந்து இறங்கும் குழாயில் மட்டும் இரண்டு திருகுத் துளை. அதில் முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று. இதை வைத்துக்கொண்டு கோத்தகிரி ஏறலாமா என்றால், ஏறலாம். இன்னொரு பாட்டிலுக்கு இடம் செய்துகொண்டால் போதும். அதற்காக ஃபிரேமில் துளை போட வேண்டியதில்லை. யாராவது ‘டிரில் போட்டு நட் வைத்துத் தருகிறேன்’ என்றால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மெல்லிய குழாயில் போடும் துளையிலிருந்துதான் பிற்பாடு விரிசல் ஓடும்.

முதலில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி சுமார் 1,800. நடுவில் 33 கிலோமீட்டர். நிதானமாக மிதிப்பவருக்கு மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். அடிவார வெக்கையில் மணிக்கு முக்கால் லிட்டர் வரை குடிப்போம். கோத்தகிரிக்குச் சற்று முன்னால் வரும் அரவேணு நெருங்கிக் குளிர்காற்று படத் தொடங்கினால் அதில் பாதிகூடப் போகாது. மொத்தம் இரண்டு, இரண்டேகால் லிட்டர் வரும். வழியில் ஒருமுறை நிரப்பிக்கொள்வதாக இருந்தால் கிளம்பும்போது ஒன்றரை லிட்டர் போதும்.

ஆனால் அந்த நிரப்புகிற விஷயத்தில்தான் நீலகிரிக்கென்று ஒரு சிக்கல். சமவெளி மாதிரி பெட்டிக்கடையில் நிறுத்தி ஒரு லிட்டர் பாட்டில் வாங்க முடியாது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கீழேயிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனால் குஞ்சப்பனை சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதற்குப் பதிலாகச் சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். காசு போட்டால் தண்ணீர் வரும், இயந்திரம் வேலை செய்தால்! அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் நம்புவது டீக்கடையைத்தான். ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, ‘அண்ணா, கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துங்க’ என்றால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. அதற்கு ஸ்டீல் பாட்டில் வேண்டும். சைக்கிளோடு வரும் மென்மையான பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் நெளிந்துவிடும், வாடையும் அடிக்கும். வளைவுகளில் பாறையிலிருந்து ஒழுகும் தண்ணீர் பார்க்க நன்றாக இருக்கும், முகம் கழுவிக்கொள்ளலாம். மேலே தேயிலைத் தோட்டமும் மருந்தடிப்பும் இருக்கும்போது நான் அதைக் குடிக்க மாட்டேன்.

ஆக, இரண்டாவது பாட்டில் ஸ்டீலாக இருக்கட்டும். கடையில் எடுக்கும்போது பருமனைப் பாருங்கள். சைக்கிள் ஹோல்டர்கள் 73, 74 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் செய்தவை. அதைவிடக் குண்டானது நுழையாது. ஒல்லியானது கடகடவென்று ஆடிக்கொண்டே வரும்; பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும்.

சரி, எங்கே வைப்பது? என் ஓட்டு சீட் டியூபுக்குத்தான், அதாவது சீட்டிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய். எடை நடுவிலும் தாழ்வாகவும் இருந்தால் சைக்கிள் அதைக் கண்டுகொள்ளாது. துளை இல்லாத குழாயில் ஹோல்டரைப் பிடிக்க வைக்க ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ ஹோஸ் கிளிப் கிடைக்கும். ரப்பர் ஹோஸை இறுக்கப் போடுவார்களே, திருகு வைத்த தகட்டு வளையம், அதேதான். குழாயின் சுற்றளவை ஒரு நூலால் அளந்துகொண்டு போய் இரண்டு வாங்குங்கள்.

பழைய சக்கர டியூபில் ஒரு பட்டை வெட்டிக் குழாயைச் சுற்றிப் போட்டு, அதன்மேல் ஹோல்டரின் முதுகை வைத்து, மேலே ஒரு கிளிப், கீழே ஒரு கிளிப். ரப்பர் இல்லாமல் போட்டால் பெயின்டும் போகும், ஹோல்டரும் சுற்றும். திருகின் தலை தொடையில் உரசாத பக்கம் வரட்டும். மிச்சமுள்ள தகட்டு வாலை வெட்டி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். அது பிளேடு மாதிரி கிழிக்கும். கிளிப்புக்கு அடியில் கியர் கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கையால் திருகினால் ஹோல்டர் நகரக் கூடாது, அவ்வளவு இறுக்கம் போதும். அதற்கு மேல் முறுக்கினால் மெல்லிய அலுமினியம் நசுங்கும். கார்பன் ஃபிரேமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ரப்பர் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் ஊருக்குள்ளேயே மோசமான ரோட்டில் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஃபிரேம் சிறியதாக இருந்து இரண்டு பாட்டிலும் முட்டிக்கொண்டால், பக்கவாட்டில் உருவி எடுக்கும் ஹோல்டர் வாங்கலாம். கேபிள் டை போட்டுப் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் வெயிலில் காய்ந்த கேபிள் டை ஒருநாள் பட்டென்று விடும். வெல்க்ரோ பட்டை வைத்து வரும் ஹோல்டர்களும் காலி பாட்டிலுக்குச் சரி. நிரப்பிய ஸ்டீல் பாட்டில் வைத்தால் மெல்ல மெல்லச் சரிந்து பக்கவாட்டுக்கு வந்துவிடும்.

மற்ற இடங்கள் என் மதிப்பில் இரண்டாம் பட்சம்தான். சீட்டுக்குப் பின்னால் மாட்டும் ஹோல்டர் தார்ரோட்டுப் பந்தயக்காரர்களுக்கு ஆனது, நம் ஊர் வேகத்தடையில் பாட்டில் எகிறிப் பின்னால் வரும் வண்டிக்கு முன்னால் விழும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் எதையும் கட்டாதீர்கள். நழுவி, ஃபோர்க்குக்குள் இறங்கி ஏறும் வழவழப்பான மேல் குழாயில் உரசினால் சீல் போகும், சக்கரத்தில் சிக்கினால் நீங்கள் போவீர்கள். ஹேண்டில்பாரில் தொங்கும் சின்னப் பை அரை லிட்டருக்குத் தாங்கும், ஆனால் கொண்டை ஊசி வளைவில் எழுந்து நின்று மிதிக்கும்போது எடை இப்படியும் அப்படியும் இழுக்கும். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை பலருக்குப் பிடிக்கிறது. எனக்கு முதல் மணி நேரத்திலேயே முதுகு நனைந்துவிடும், அப்புறம் மேலே போனதும் அந்த ஈரத்தில் குளிர் ஏறும். பின்னால் கேரியர் இருந்தால் மட்டும் இத்தனை யோசனையே வேண்டாம். பாட்டிலைப் படுக்க வைத்து டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள், முடிந்தது.

கூடுதல் எடை ஏற்றத்தில் கொன்றுவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதை 1,500 மீட்டர் தூக்க உடம்பு கூடுதலாகச் செலவழிப்பது சுமார் 14 கிலோகலோரி, ஒரு மேரி பிஸ்கட்டுக்கும் குறைவு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், நான்கு மணி நேர ஏற்றத்தில் அந்த ஒரு கிலோ மூன்று நிமிடம்கூடத் தாமதிக்காது. அதுவும் குடிக்கக் குடிக்கக் குறைகிற எடை. இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் முட்டாள்தனம்.

எங்கே குடிப்பது என்பதும் முக்கியம். குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம், பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். அங்கே ஓரமாக உட்கார்ந்து பை அவிழ்த்துத் தண்ணீர் மாற்றி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபிரேமில் கைக்கெட்டும் பாட்டில் எப்போதும் நிறைந்திருக்கட்டும். ஸ்டீல் பாட்டிலிலிருந்து மாற்றும் வேலையைக் கடை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். குரங்கு பக்கத்தில் இருந்தால் பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள்.

இறங்கும்போது கிளிப்பில் இருக்கும் பாட்டிலை நிரப்பாமல் காலியாக விட்டுவிடலாம். கீழே வர ஒரு பாட்டிலே தாராளம்.