நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடலாமா?

போடவே கூடாது. நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு; மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும். நாலு சொட்டுதானே என்று நினைக்காதீர்கள், அதுவே உயிரை எடுத்துவிடலாம். மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுக்கிற, நக்குகிற பூனைக்கும் இதே ஆபத்து உண்டு.

முதலில் காது துடிக்கும், முகத்தசை வெட்டி வெட்டி இழுக்கும், எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும். அப்புறம் உடம்பெல்லாம் நடுக்கம், வலிப்பு. சில மணி நேரத்திலேயே தொடங்கலாம், ஒரு நாள் கழித்தும் வரலாம்.

தெரியாமல் போட்டுவிட்டீர்களா? பூனை தெளிவாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அந்த இடத்தைக் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், மருந்து தோல் வழியே இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். துவட்டி, துணியில் சுற்றி, மருந்து அட்டையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாயில் பால், உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்துவிட்டால் கழுவக்கூட நிற்க வேண்டாம்.

உண்ணிக்காக நாய்க்குக் கொடுக்கும் ஃப்ளூரலனர், அஃபாக்சோலனர் மாத்திரைகள் நாய்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனாலும் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. முன்பே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேட்டுவிட்டே கொடுங்கள்.