பல்பு ஓம் விதிக்குக் கட்டுப்படுமா? – கேள்வி பதில்

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடி மாட்ட எத்தனை ஓம் ரெசிஸ்டர் வேண்டும்?

பதில்: எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 20 மில்லி ஆம்பியர் போதுமென்றால் ஓம் விதிப்படி (மின்தடை = வோல்ட்டேஜ் ÷ கரண்ட்) 7-ஐ 0.02-ஆல் வகுங்கள்: 350 ஓம். 390 போட்டால் நிம்மதி. அளக்கும்போது மட்டும் கவனம்: மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு முனைகளையும் தொடாதீர்கள். அப்போது மீட்டரின் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். நேரடி ஷார்ட்!

கேள்வி: மின்தடை குறைந்த வழியில் மட்டும்தானே கரண்ட் போகும்?

பதில்: இல்லை, எல்லா வழியிலும் பிரிந்து போகும். 10 வோல்ட்டில் 10 ஓமையும் 1000 ஓமையும் பக்க இணைப்பில் வையுங்கள்: ஒன்றில் 1 ஆம்பியர், மற்றதில் 10 மில்லி ஆம்பியர். பெரும்பங்கு வேறு வழியில் போனாலும், உடம்பில் ஓடும் சில பத்து மில்லி ஆம்பியரே உயிரை எடுத்துவிடும்.

கேள்வி: 60 வாட் குண்டு பல்பை அளந்தால் 70 ஓம். 230 வோல்ட்டுக்கு 3 ஆம்பியருக்கு மேல் வருகிறதே, ஓம் விதி தப்பா?

பதில்: அருமையான கேள்வி. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டன் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர், அதாவது சுமார் 880 ஓம். உங்கள் 3 ஆம்பியரும் உண்மைதான், சுவிட்ச் போட்ட அந்தக் கணத்துக்கு மட்டும். பல பல்புகள் அப்போதுதான் ஃபியூஸ் ஆகின்றன.

கேள்வி: V = IR (வோல்ட்டேஜ் = கரண்ட் × மின்தடை) எப்போதும் சரிதானே? பல்பு எப்படி மீறும்? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: V-ஐ I-ஆல் வகுத்தால் வருவதற்குப் பெயர் R. அது வெறும் வரையறை. ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் 1827-இல் வெளியிட்டது அதற்கும் மேலே: வெப்பநிலை மாறாதவரை, வோல்ட்டேஜை எவ்வளவு ஏற்றினாலும் அந்த விகிதம் மாறாது. பல்பு இழை சூடேறுவதால் அந்த விகிதம் மாறிவிடுகிறது. உலோகக் கம்பியில் இது அபாரமாகப் பொருந்தும். டையோடில் (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்; எல்இடியும் அதில் ஒன்று) பொருந்தாது.

கேள்வி: அப்படியானால் அதை விதி என்று சொல்லவே கூடாது!

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். அது பொருளின் குணம். இயற்பியலாளர் கிர்ச்சாஃப் 1845-இல் தந்த சந்தி விதி அப்படியல்ல. கம்பிகள் சேரும் சந்திக்குள் வரும் கரண்ட் வெளியே போயாக வேண்டும், கம்பியானாலும் டையோடானாலும்.

கேள்வி: 12 வோல்ட்டில் எல்இடிக்கு?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். 2-ஐக் கழித்து வகுங்கள்.

கேள்வி: 5 வோல்ட்டுக்கு?

பதில்: அதே கணக்குதான்.

கேள்வி: பிளக் பாயிண்டில் எத்தனை ஆம்பியர் என்று மீட்டரைச் செருகிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது! பேட்டரிக்குச் சொன்ன அதே ஷார்ட், இங்கே 230 வோல்ட்டில். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிக் கவ்வி, சர்க்யூட்டில் இணைக்காமலே கரண்டை அளப்பது) வாங்குங்கள்.